முன் ஸ்பிரிங்கைக் கழற்ற அழுத்த வேண்டியதில்லை, தளரவிட்டால் போதும்

பண்டாரவளைப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். தாத்தா ஹயர் ஓட்டிய ஒஸ்டின் ஏ60 கேம்பிரிஜ் காரை மறுபடியும் ஓட வைக்க வேண்டும் என்று வேலையைத் தொடங்கியிருக்கிறார். எஞ்சினையும் கியர் பொக்ஸையும் வெளியே எடுத்தாகிவிட்டது. இனி முன்பக்க சஸ்பென்ஷனைப் பிரித்து புஷ் (மூட்டுகளில் உள்ள உறைகள்), கிங் பின் (சக்கரம் திரும்பும் அச்சு) எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். கொயில் ஸ்பிரிங்கை அழுத்துவதற்கு ஒரு சோடி கொக்கிக் கிளாம்ப் வாங்கி வந்திருக்கிறார். அது ஸ்பிரிங்கில் சரியாகப் பிடிக்கவில்லை. ஜெக்கைக் கொடுத்துத் தூக்கினால் ஸ்பிரிங் அழுந்தாமல் கார்தான் மேலே எழும்புகிறது. பக்கத்து வீட்டுக்காரரோ, "சங்கிலியால் கட்டிவிட்டு போல்ட்டைக் கழற்று, நான் என்னுடைய மொரிஸ் மைனரில் இதெல்லாம் இல்லாமலே செய்தேன்" என்கிறாராம். என்ன செய்யலாம் என்பது கேள்வி.

தம்பி, முதலில் அந்தக் கிளாம்பைத் தள்ளி வையுங்கள். இந்தக் காருக்கு அது தேவையே இல்லை. நீங்கள் "எப்படி அழுத்துவது" என்று கேட்டிருக்கிறீர்கள். கழற்றும்போது ஸ்பிரிங்கை அழுத்தவே வேண்டாம். அது ஏற்கனவே அழுந்தித்தான் இருக்கிறது. உங்கள் வேலை, அது தன் முழு நீளத்துக்குத் திரும்பும் வரை மெதுவாக, நீங்கள் சொல்லும் வேகத்தில் தளரவிடுவது மட்டும்தான். இதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

பக்கத்து வீட்டுக்காரர் பொய் சொல்லவில்லை. மொரிஸ் மைனரின் முன்பக்கத்தில் கொயில் ஸ்பிரிங்கே கிடையாது. 1948இல் அந்தக் கார் வந்தபோதே அதை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ் அதற்கு முறுக்குக் கம்பியைத்தான் வைத்தார். காரின் நீளவாக்கில் ஓடும் ஒரு உருக்குக் கம்பி முறுகித்தான் சுமையைத் தாங்குகிறது. பழைய வொக்ஸ்வேகன் பீட்டிலிலும் முன்னால் முறுக்குக் கம்பிதான், பழைய மினியில் இறப்பர். இவற்றில் வேலை செய்த அனுபவத்தை வைத்துக்கொண்டு ஒஸ்டினில் கைவைப்பதுதான் ஆபத்து. மலையகத்தில் ஒரே கராஜ் வாசலில் மைனரும் கேம்பிரிஜும் ஹில்மனும் நிற்பதால், எல்லாமே "பழைய இங்கிலீஷ் கார்" என்ற ஒரே கூடைக்குள் போய்விடுகின்றன. முன் ஸ்பிரிங் விஷயத்தில் மைனரும் கேம்பிரிஜும் ஒன்றல்ல.

உங்கள் காரின் அமைப்பைப் பாருங்கள். மேலே குரோஸ் மெம்பரில், அதாவது முன்பக்கத்துக் குறுக்குச் சட்டத்தில், ஒரு கிண்ணம் மாதிரியான இடம். ஸ்பிரிங்கின் மேல் முனை அதற்குள் உட்கார்ந்திருக்கிறது. கீழே சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரண்டு லோவர் ஆர்ம்களுக்கு (கீழ்க் கைகளுக்கு) இடையே போல்ட்டால் பூட்டிய ஒரு தட்டு. ஸ்பிரிங்கின் கீழ் முனை அதன் மேல் நிற்கிறது. மேல் பக்கத்து ஆர்ம் எங்கே என்று தேடினால், அது ஷொக் அப்சோர்பரின் கைதான். இந்த வகைக் கார்களில் லீவர் ஷொக்கே மேல் ஆர்மின் வேலையையும் செய்கிறது. இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஷொக்கில் எண்ணெய் ஒழுகுகிறது என்று பார்த்தவுடன் அதைக் கழற்றி எடுக்கக் கை போகும். ஸ்பிரிங் சுமையோடு இருக்கும்போது, கீழே எந்தத் தாங்கலும் இல்லாமல் ஷொக்கைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளைத் தளர்த்தினால், ஸ்பிரிங்கைப் பிடித்திருக்கும் கதவை நீங்களே திறந்துவிடுகிறீர்கள். கிங் பின்னின் மேல் முனையை ஷொக்கின் கையோடு சேர்க்கும் பின்னும் அப்படித்தான். ஸ்பிரிங் வெளியே வந்து தரையில் படுக்கும் வரை அந்த இரண்டு இடத்திலும் ஸ்பேனர் வைக்க வேண்டாம்.

எவ்வளவு விசை என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இந்த அளவுக் கார்களின் முன் ஸ்பிரிங் ஒரு அங்குலம் அழுந்த ஏறத்தாழ 350 இறாத்தல் கேட்கும் என்று வைத்துக்கொள்வோம். சக்கரம் தரையில் நிற்கையில் அது 3 அங்குலம் அழுந்தியிருந்தால் 1050 இறாத்தல், அதாவது 475 கிலோவுக்குச் சற்று மேல். சக்கரத்தைத் தூக்கித் தொங்கவிட்ட பிறகும் அது முழுதாக விரிந்துவிடாது. 2 அங்குலம் மிச்சம் இருந்தாலே 320 கிலோ வரை தள்ளிக்கொண்டுதான் இருக்கும். "காரைத் தூக்கிவிட்டோம், இனி ஸ்பிரிங்கில் சுமை இல்லை" என்று நினைப்பது இங்கேதான் பிழைக்கிறது. சேர்ந்திருக்கும் ஆற்றலோ அழுந்திய தூரத்தின் வர்க்கத்தில் ஏறும். 2 அங்குலத்தில் 79 ஜூல், 3 அங்குலத்தில் 178 ஜூல். 178 ஜூல் என்பது 18 கிலோ இரும்பு ஒரு மீற்றர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். அது விழுந்து முடிய அரை விநாடி எடுக்கும், நீங்கள் விலகிக்கொள்ளலாம். ஸ்பிரிங் கண் இமைப்பதற்குள் முழுவதையும் கொடுத்துவிடும், அதுவும் நீங்கள் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும் பக்கமாக, வெளியேயும் கீழேயும்.

கொக்கிக் கிளாம்ப் ஏன் பிடிக்கவில்லை என்பதற்கு வருகிறேன். அந்தச் சாமான் நிசான் சனி, டொயோட்டா கொரோலா போன்ற கார்களுக்கு ஏற்றது. அவற்றில் ஸ்ட்ரட்டை, அதாவது ஷொக்கும் ஸ்பிரிங்கும் ஒன்றாக உள்ள தூணை, முழுதாகக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, நீளமான, மெல்லிய கம்பியால் ஆன, இடைவெளி அதிகமுள்ள ஸ்பிரிங்கை அழுத்துகிறோம். உங்கள் காரின் ஸ்பிரிங் குட்டை, கம்பி தடிப்பு, சுற்றுகள் நெருக்கம். மேல் சுற்றுகள் கிண்ணத்துக்குள் மறைந்திருப்பதால் கொக்கி போட இடமே இல்லை. நடுவில் இரண்டு மூன்று சுற்றில் மட்டும் போட்டு முறுக்கினால் ஒரு பக்கம் அழுந்தி மறுபக்கம் விரிந்து ஸ்பிரிங் வளையத் தொடங்கும். வளைந்த ஸ்பிரிங்கில் கொக்கி வழுக்கும். அப்படியே அழுத்தி முடித்தாலும் கிளாம்போடு சேர்த்து அதை அந்த இடுக்கிலிருந்து வெளியே எடுக்க வழி இராது. ஸ்ட்ரட் கார் ஒன்று கைக்கு வரும்போது அந்தக் கிளாம்பை எடுங்கள். அப்போதும் இரண்டையும் நேர் எதிரெதிராகப் போட்டு, மாறி மாறிச் சில சுற்றுகளாகக் கையால் முறுக்க வேண்டும். காற்றில் ஓடும் இம்பாக்ட் கருவியை அதில் வைக்கவே கூடாது.

அடுத்தது ஜெக். பழைய முறை இதுதான்: காரை ஸ்டாண்டில் நிறுத்தி, ஸ்பிரிங் தட்டுக்குக் கீழே டிரொலி ஜெக்கைக் கொடுத்து, மேல் பின்னைக் கழற்றி, ஜெக்கை மெதுவாக இறக்கினால் ஆர்ம் கீழே தாழ்ந்து ஸ்பிரிங் தளரும். கொழும்பில் கொங்கிரீட் தளம் போட்ட கராஜில், எஞ்சின் உள்ளே இருக்கும் காரில், அனுபவம் உள்ளவர் செய்தால் இதில் குறையில்லை. உங்களுக்கு இது சரிவராது, இரண்டு காரணங்கள் இருக்கின்றன.

ஒன்று, எஞ்சின் இல்லை. ஜெக் ஸ்பிரிங்கைத் தாங்குவது காரின் பாரத்தை எதிர்த்துத்தான். மேலே இருந்து அமுக்கும் பாரம் ஸ்பிரிங்கின் விசையைவிடக் குறைந்தால், ஸ்பிரிங் அசையாது, பொடிதான் ஸ்டாண்டை விட்டு எழும்பும். நீங்கள் கண்டது அதையேதான். ஸ்டாண்டிலிருந்து கிளம்பிய கார் திரும்ப அதே இடத்தில் உட்காரும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. சிலர் இதற்காக எஞ்சின் இருந்த இடத்தில் மண் மூட்டைகளை அடுக்குவார்கள், இரண்டு பேரை மட்கார்டில் ஏறி உட்காரச் சொல்வார்கள். தயவு செய்து அதைச் செய்யாதீர்கள். ஒன்று வழுக்கினால் அந்த இருவரும் சேர்ந்து விழுவார்கள்.

இரண்டாவது காரணம் நம் ஊர் நிலம். லோவர் ஆர்ம் இறங்கும்போது நேராக இறங்காது. உள்பக்க முளையை மையமாக வைத்து வளைவாக இறங்கும். ஜெக்கின் தலையும் தன் போக்கில் ஒரு வளைவில்தான் இறங்கும். இந்த இரண்டு வளைவும் ஒத்துப்போக வேண்டுமானால் ஜெக் தன் சில்லுகளில் சற்று உருண்டு இடம் மாற வேண்டும். கொங்கிரீட்டில் அது உருளும். மழை விட்ட மறுநாள் வீட்டு முற்றத்துச் செம்மண்ணில் அது உருளாது. சில்லுகள் மண்ணுக்குள் இறங்கி நின்றுவிடும், ஜெக்கின் தலை மட்டும் தட்டின் அடியில் அரைந்து அரைந்து ஓரத்துக்கு வரும். ஹட்டனில் ஒரு முற்றத்தில் இதை நான் நின்று பார்த்திருக்கிறேன். தட்டின் விளிம்பில் ஜெக்கின் தலை விரலளவு இடத்தில் தொற்றிக்கொண்டிருந்தது, வேலை செய்தவரின் முழங்கால் அதற்கு நேரே இருந்தது. பலகை போட்டால் பலகை சாய்கிறது. மலைச்சரிவில் சமமான இடம் கிடைப்பதே கஷ்டமாக இருக்கிற ஊரில், சமதரையை நம்பிய முறையைத் தேர்ந்தெடுப்பதில் அர்த்தமில்லை.

சங்கிலியைப் பற்றி: சங்கிலி வேண்டும், ஆனால் அது காவலுக்கு மட்டும். ஸ்பிரிங்கின் சுற்றுகளுக்கு ஊடாகவும் குரோஸ் மெம்பரைச் சுற்றியும் ஒரு நல்ல சங்கிலியைக் கொஞ்சம் தளர்வாக விட்டு போல்ட் போட்டுப் பூட்டுங்கள். ஏதாவது தவறினால் ஸ்பிரிங் முற்றத்தைக் கடந்து போகாது. சங்கிலியை மட்டும் நம்பி போல்ட்டைக் கழற்றுவது வேறு கதை. சங்கிலியால் ஸ்பிரிங்கைத் தளரவிட முடியாது, திடீரென்று நிறுத்தத்தான் முடியும். நைலோன் கயிறு இந்த வேலைக்கு ஆகாது, அது இழுபடும்.

உங்களுக்கு நான் சொல்வது திரெட் பார் முறை. திரெட் பார் என்பது முழு நீளத்துக்கும் புரி வெட்டிய கம்பி. ஸ்பிரிங் தட்டை லோவர் ஆர்ம்களோடு பிடித்திருக்கும் போல்ட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, அதே துளையில் நீளமான திரெட் பாரைப் போட்டு, பிறகு தட்டை அந்தக் கம்பிகளிலேயே மெதுவாகக் கீழே இறக்குவது. இந்தக் குடும்பத்துக் கார்களின் தயாரிப்பாளர் கைநூல்களிலேயே தட்டின் எதிரெதிர் மூலைகளில் இரண்டு நீள போல்ட் போட்டு இறக்கும் வழி சொல்லப்பட்டிருக்கிறது. நான் இரண்டோடு நிற்காமல் நான்கு மூலையிலும் போடுவேன். இந்த முறையின் அழகு என்னவென்றால், ஸ்பிரிங் தள்ளுகிறது, கம்பி இழுத்துப் பிடிக்கிறது. தள்ளுவதும் பிடிப்பதும் சஸ்பென்ஷனுக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. காரின் பாரம் கணக்கில் வராது, எஞ்சின் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான். தரை மண்ணா கொங்கிரீட்டா என்பதும் ஸ்பிரிங்குக்குத் தெரியாது. ஆர்ம் அசையாமல் நிற்க, தட்டு மட்டும் நேராக இறங்குவதால் வளைவுப் பிரச்சினையும் இல்லை. மேல் பின்னைத் தொடாததால் பிரேக் ஹோஸும் இழுபடாது.

கம்பியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், பலர் தவறுவது இங்கேதான். ஹார்ட்வெயார் கடையில் வெள்ளையாக மினுங்கும் திரெட் பார் கிடைக்கும். அது சீலிங், குழாய் முதலியவற்றைத் தொங்கவிடச் செய்த மெல்லுருக்கு. நேராக இழுத்தால் 10 மில்லிமீற்றர் கம்பி ஒன்று ஒரு தொன்னுக்கு மேல் தாங்கும்தான். அதனால் கணக்குப் போட்டால் போதும் போலத் தோன்றும். ஆனால் தட்டு ஒரு பக்கம் சாய்ந்தால் கம்பி வளையும், வளைந்த மெல்லுருக்கின் புரியில் நட் கடித்துப் பிடித்துக்கொள்ளும், பாதி வழியில் மேலேயும் போகாமல் கீழேயும் வராமல் நின்றுவிடும். பாரம் ஏறிய ஸ்பிரிங்கோடு அப்படி நிற்பது மிக மோசமான நிலை. ஆகவே 8.8 தரம் (உருக்கின் பலத்தைக் குறிக்கும் எண்) என்று கேட்டு வாங்குங்கள். முறைப்படி நிறம் இட்டிருந்தால் அந்தத் தரத்துக் கம்பியின் முனையில் மஞ்சள் இருக்கும். உங்கள் பக்கத்தில் கிடைக்காவிட்டால் கொழும்பு பஞ்சிகாவத்தைச் சாமான் கடைகளில் தேடலாம். லேத் வைத்திருக்கும் பட்டறையில் உயர்தர உருக்குக் கம்பியில் புரி வெட்டித் தரச் சொல்லலாம். தேயிலைத் தொழிற்சாலை ஃபிட்டர்கள் இந்த மாதிரி வேலையில் கைதேர்ந்தவர்கள். தெரிந்தவர் யாராவது இருந்தால் அவரிடமே போங்கள்.

விட்டம், துளையில் ஆட்டமில்லாமல் நுழையும் அளவு. துளையைப் பெரிதாக்க வேண்டாம். போல்ட் துளைகளில் புரி இல்லாததால், கார் அங்குலக் கணக்கில் இருந்தாலும் கம்பி மில்லிமீற்றரில் இருப்பதில் தடையில்லை. நீளத்துக்கு, ஸ்பிரிங் இப்போது இருக்கும் உயரத்தை அளந்து, புது ஸ்பிரிங்கின் முழு நீளத்திலிருந்து கழித்து, அதோடு ஆர்ம், தட்டு, நட் ஆகியவற்றின் தடிப்பையும் இன்னும் 2 அங்குலத்தையும் சேருங்கள். பெரும்பாலும் 8 அங்குலம் போதுமாக இருக்கும். தட்டின் அடியில் தடிப்பான பெரிய வொஷர் போடுங்கள், மேலே இரண்டு நட்டை ஒன்றோடொன்று இறுக்கிப் பூட்டுங்கள், கீழே உயரமான நட்டாகப் பாருங்கள். புரி முழுவதும் கிரீஸ் தடவுங்கள்.

தொடங்குவதற்கு முன் கார் நிற்கும் நிலை. பின் சக்கரங்களுக்கு இரு பக்கமும் கட்டை. சரிவான முற்றம் என்றால் காரின் மூக்கு மேட்டுப் பக்கம் பார்க்க வேண்டாம். முடிந்தவரை சமமான இடத்துக்குக் கொண்டுபோங்கள், எஞ்சின் இல்லாத காரைத் தள்ளுவது சுலபம்தான். இரும்பு ஸ்டாண்ட் இரண்டு, பொடியின் பலமான இடத்துக்குக் கீழே, ஆர்முக்குக் கீழே அல்ல. மண் தரையில் ஸ்டாண்டின் காலுக்கடியில் தடித்த இரும்புத் தகடோ பழைய சிலிப்பர் கட்டைத் துண்டோ போடுங்கள். சீமெந்து புளொக் கல்லை அடுக்கி அதன் மேல் காரை நிறுத்தும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. அதை அடியோடு விட்டுவிட வேண்டும். புளொக் கல் விரிசல் காட்டி எச்சரிக்காது. ஒரு ஓரத்தில் அழுத்தம் கூடினால் பொடிப்பொடியாகிவிடும்.

சக்கரத்தைக் கழற்றுங்கள். அன்டி ரோல் பார் (இரண்டு பக்க ஆர்ம்களையும் இணைக்கும் கம்பி) இருந்தால் இரண்டு பக்கமும் இணைப்பை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் மறுபக்கத்து ஆர்ம் இந்தப் பக்கத்தோடு இழுபறி செய்யும். தட்டின் அடியைக் கம்பி பிரஷ்ஷால் சுரண்டிச் சுத்தம் செய்து போல்ட்டுகளுக்குத் துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஓரிரண்டு நாள் ஊற விடுங்கள். சுமையோடு இருக்கும் ஸ்பிரிங்குக்குப் பக்கத்தில் காஸ் தீயைக் கொண்டுபோக வேண்டாம், எவ்வளவு இறுகிய போல்ட்டாக இருந்தாலும். சுத்தம் செய்த பின் துளைகளைச் சுற்றி நன்றாகப் பாருங்கள். நுவரெலியா, பண்டாரவளை, ஹட்டன் எங்கேயானாலும் இந்தத் தட்டு வருடக்கணக்கில் ஈரமான சேற்றைச் சுமந்திருக்கும். அடியில் உள்ள வடிதுளை அடைபட்டு உள்ளே தண்ணீர் தேங்கித் தகடு காகிதமாகியிருந்தால் வொஷரோடு சேர்த்து நட் தட்டைத் துளைத்துக்கொண்டு வரக்கூடும். அப்படியான தட்டுக்கு, அகலமான 6 மில்லிமீற்றர் இரும்புத் தகட்டில் அதே இடங்களில் துளை போட்டு அடியில் கொடுத்து, அதன் மேல் நட்டை இறுக்கிய பிறகே வேலையைத் தொடருங்கள்.

இனி ஒரு போல்ட்டை எடுங்கள், அந்தத் துளையில் திரெட் பாரைப் போட்டு இறுக்குங்கள். அடுத்தது எதிர் மூலை. பிறகு மற்ற இரண்டு. எந்த நேரத்திலும் ஒரு துளைக்கு மேல் வெறுமையாக இருக்கக் கூடாது. நான்கு கம்பியும் இறுகிய பிறகு, தட்டை ஆர்மோடு பிடித்திருக்கும் மிச்ச போல்ட்டுகள் இருந்தால் அவற்றை எடுங்கள். இப்போது சங்கிலியை ஒருமுறை பார்த்துக்கொண்டு, சக்கரம் இருந்த இடத்துக்கு முன்னாலோ பின்னாலோ தள்ளி உட்காருங்கள், அதற்கு நேரே அல்ல. ஒவ்வொரு நட்டையும் ஒரு முழுச் சுற்று, குறுக்கு மூலையாக மாறி மாறி. அவசரப்பட்டு ஒன்றை மூன்று சுற்று தளர்த்தினால் தட்டு சாயும், கம்பி வளையும். ஒவ்வொரு வட்டத்துக்கும் ஒருமுறை ஆர்முக்கும் தட்டுக்கும் இடையிலான இடைவெளியை நான்கு மூலையிலும் கண்ணால் ஒப்பிடுங்கள்.

முதல் சில வட்டத்தில் ஸ்பேனர் கனமாகத்தான் இருக்கும். பிறகு இலேசாகிக்கொண்டே வரும். நடுவில் ஒருமுறை "டங்" என்று சத்தம் கேட்கலாம், பயப்பட வேண்டாம். துருவில் ஒட்டியிருந்த ஸ்பிரிங்கின் முனை தன் இருக்கையை விட்டு இலேசாகத் திரும்புகிறது. ஒரு கட்டத்தில் நட்டை விரலாலேயே சுற்ற முடியும். அப்போதும் உடனே கையை உள்ளே விடாமல், ஒரு நீளக் கம்பியால் ஸ்பிரிங்கை அசைத்துப் பாருங்கள். அது கிலுகிலுவென்று ஆடினால்தான் சுமை முழுதாகப் போயிருக்கிறது. அதற்குப் பிறகு நட்டை எடுத்துத் தட்டைக் கழற்றினால் ஸ்பிரிங் உங்கள் கையில் சும்மா வந்து நிற்கும். ஷொக், கிங் பின், ஆர்ம், எல்லாவற்றையும் இனித் தாராளமாகப் பிரிக்கலாம்.

ஸ்பிரிங்குகளை வலது, இடது என்று பெயின்டால் குறித்து வையுங்கள். சமமான மேசையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி உயரத்தை அளந்து கைநூலோடு ஒப்பிடுங்கள். நம் பாதைகளில் ஓடிய காரில் ஒன்று மற்றதைவிடத் தாழ்ந்திருப்பது வியப்பல்ல. கடைசிச் சுற்றைத் துருவெல்லாம் போகத் தேய்த்துவிட்டு விரல் நுனியால் தடவிப் பாருங்கள். குழிகுழியாக அரித்திருந்தால் அந்த ஸ்பிரிங்கை மறக்க வேண்டியதுதான். அரித்த குழியிலிருந்துதான் வெடிப்பு தொடங்கும், கினிகத்தேனை வளைவு ஒன்றில் பிரேக் பிடிக்கும்போது அது உடைவதை நீங்கள் விரும்ப மாட்டீர்கள். மாற்றினால் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். காரின் முகம் தாழ்வாக இருந்தால் அழகு என்று ஸ்பிரிங்கைத் தீயில் காய்ச்சி இறக்கும் ஆட்களிடம் போகாதீர்கள். உருக்கின் பதம் அந்தச் சூட்டோடு போய்விடும். பிறகு அது ஸ்பிரிங் அல்ல, சுருட்டி வைத்த கம்பி. சுற்றுகளுக்கு நடுவே இறப்பர் கட்டை திணித்து உயர்த்துவதும் அதே அளவு கேடு.

திரும்பப் பூட்டுவது இதே வழியைத் தலைகீழாக நடப்பது. லோவர் ஆர்ம், கிங் பின், ஷொக் எல்லாவற்றையும் முதலில் பூட்டி முடியுங்கள். ஷொக்கின் கை அதன் கீழே உள்ள இறப்பர் தடுப்பில் உட்கார்ந்திருக்கட்டும். அந்த இறப்பர் பாழாகியிருந்தால் இப்போதே புதிது போடுங்கள். ஸ்பிரிங்கை மேல் இருக்கையில் வைத்து, கீழ் முனை தட்டில் தனக்குரிய இடத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். நான்கு கம்பியையும் போட்டு முன்போலவே குறுக்கு மூலையாக ஒவ்வொரு சுற்றாக ஏற்றுங்கள். நீங்கள் முதலில் கேட்ட "அழுத்துவது" நடப்பது இந்த இடத்தில் மட்டும்தான். அதையும் கிளாம்ப் செய்யவில்லை, காரே செய்கிறது. தட்டு ஆர்மைத் தொடும்போது துளைகள் நூலளவு விலகியிருந்தால் கூர்மையான உருக்கு முளையை விட்டு நேராக்குங்கள். துளை சரியாக இருக்கிறதா என்று விரலை விட்டுப் பார்ப்பது ஒரு விரலுக்கான விலை. பிறகு ஒரு கம்பியை எடுத்து ஒரு போல்ட், அடுத்த கம்பியை எடுத்து அடுத்த போல்ட். போல்ட்டுகள் புதிதாகவும் உயர்தரமாகவும் அதே புரி அளவிலும் இருக்க வேண்டும். கையில் கிடைத்த மெல்லுருக்கு போல்ட்டைப் போட வேண்டாம்.

எஞ்சின் இல்லாததால் இன்னொரு விஷயத்தைத் தள்ளிவைக்க வேண்டும். லோவர் ஆர்மின் உள்பக்க இறப்பர் புஷ்களை இறுக்கும் நட்டுகளை இப்போது முழுதாக இறுக்காதீர்கள். ஆர்ம் தொங்கும் நிலையில் இறுக்கினால் இறப்பர் அந்த நிலையிலேயே பிடித்துக்கொள்ளும். கார் தரையில் இறங்கியதும் அது முறுகும். முன்பக்கம் சற்று உயர்ந்து நிற்கும், புஷ் சீக்கிரத்தில் கிழியும். பலர் "புது புஷ் ஆறு மாதத்தில் போய்விட்டது, சாமான் சரியில்லை" என்று கடைக்காரரைத் திட்டுவதில் பாதி இதனால் வருவது. கையிறுக்கமாக மட்டும் விட்டு, அந்த நட்டுகளில் சிவப்புப் பெயின்ட் தடவி வையுங்கள். எஞ்சினும் கியர் பொக்ஸும் உள்ளே போய், ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றி, கார் தன் நான்கு சக்கரத்தில் நின்ற பிறகு, முன்பக்கத்தை ஒருமுறை அமுக்கி ஆட்டிவிட்டு அப்போது இறுக்குங்கள். கிங் பின்னின் கீழ் இணைப்பில் கிரீஸ் நிப்பிள் இருக்கும். கிரீஸ் மறுபக்கம் எட்டிப் பார்க்கும் வரை அடியுங்கள். மழைக் காலத்தில் அதை அடிக்கடி செய்ய வேண்டும், தண்ணீர் அந்த இணைப்பின் புரிக்குள்தான் முதலில் போகும்.

காரின் உயரத்தை அன்றே அளந்து கவலைப்பட வேண்டாம். புது ஸ்பிரிங் முதல் சில நூறு கிலோமீற்றரில் கொஞ்சம் இறங்கும். அதன் பிறகு இரு பக்கமும் அளந்து, தட்டின் போல்ட்டுகளை ஒருமுறை ஸ்பேனர் போட்டுப் பார்த்து, சக்கர நேர்ப்படுத்தலைச் செய்யுங்கள். அதற்கு முன் செய்தால் காசு இரண்டு முறை போகும்.

ஹில்மன் போன்ற வேறொரு கார் பின்னால் கைக்கு வந்தால் முதலில் ஷொக் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். நீண்ட குழாய் வடிவ ஷொக் ஸ்பிரிங்கின் நடுவிலேயே நின்றால், அதைக் கழற்றிய பின் மேலிருந்து கீழ்வரை ஒரு வழி திறந்துவிடும். அதற்குள் தடித்த ஒரே கம்பியை விட்டு, மேலும் கீழும் கனமான தகடு போட்டு, ஸ்பிரிங்கை நடு அச்சில் பிடிக்கலாம். அதில் கம்பி ஒன்றுதான் முழுச் சுமையையும் தாங்குகிறது என்பதால் 16 மில்லிமீற்றருக்குக் குறையாமல், 8.8 தரத்துக்குக் குறையாமல் போடுங்கள். தகடு ஸ்பிரிங்கின் சுற்றில் சாய்வாக உட்காராமல் இருக்க அதன் அடியில் கோள வடிவ வொஷர் ஒன்று கொடுத்தால் நல்லது.

உங்கள் தட்டின் துளை விட்டத்தையும், இப்போது ஸ்பிரிங் தொங்கும் உயரத்தையும் அளந்து எழுதுங்கள் தம்பி. கம்பியின் அளவைச் சொல்கிறேன், அதைக் கொண்டுபோய் லேத் பட்டறையில் கொடுக்கலாம்.